ஃப்ளூவை எந்த இடத்தில் நின்று எண்ணுவது?

ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் ஆகிவிட்டால், மாநிலத்தில் பன்றிக் காய்ச்சல் (எச்1என்1 வகை ஃப்ளூ) இத்தனை பேருக்கு என்று ஓர் எண் செய்தித்தாள்களில் வரத் தொடங்கிவிடும். எண் ஏறினால் பதற்றம், இறங்கினால் நிம்மதி. இரண்டுக்குமே அந்த எண்ணில் போதிய ஆதாரம் கிடையாது. எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பதைவிட, எத்தனை பேரின் தொண்டைச் சளியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம் என்பதைத்தான் அது அதிகம் சொல்கிறது.

அப்படியானால் ஒரு மாநிலம் தன் ஃப்ளூ நிலவரத்தை வாரந்தோறும் நம்பும்படி அறிய எந்த வழியைப் பிடிக்க வேண்டும்? ஆய்வகம் உறுதிசெய்த எண்ணிக்கை இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வரை நீளும் காய்ச்சல் பதிவு இருக்கிறது. மருந்துக்கடை, பள்ளி வருகைப் பதிவு, சாக்கடை நீர் என்று சுற்றுவழிகளும் உண்டு. தேர்ந்தெடுத்த சில மருத்துவ மையங்களை மட்டும் கவனிப்பது இன்னொரு வழி. மூச்சுத் தொற்று முற்றி மருத்துவமனையில் சேருவோரை எண்ணுவது மற்றொன்று. பணமும் ஆளும் அளவோடுதான் கிடைக்கும் என்பதால், எல்லாவற்றையும் செய்வோம் என்பது பதிலாகாது. மதுரை மாவட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு இவற்றை நிறுத்துப் பார்க்கிறேன். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கானோரை எண்ணுவதைவிட, மாறாத சில இடங்களில், மாறாத முறையில், சிலரை மட்டும் எண்ணுவது மேல்.

யாருக்கு என்ன தெரிய வேண்டும்

மேலூரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவருக்கு, இந்த வாரம் வருகிற இருமல் காய்ச்சலில் ஃப்ளூவின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் போதும். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் மிகுதி. ஆய்வக முடிவுக்குக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தெரிய வேண்டியது வேறு: மூச்சுத் திணறலோடு வருவோர் கூடப்போகிறார்களா, ஆக்சிஜன் படுக்கைகளை எப்போது ஒதுக்குவது? ஆஸ்துமா உள்ள தாயை வீட்டில் வைத்திருக்கும் மகளுக்கோ, தடுப்பூசியை எந்த மாதம் போடுவது என்பதுதான் கேள்வி.

இந்த மூன்றாவது கேள்விக்கு டெல்லியின் பதில் நமக்குப் பொருந்தாது. இந்திய நகரங்களில் பல ஆண்டுகள் மாதிரி எடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. டெல்லி, லக்னோ, புனே, ஆலப்புழை ஆகிய இடங்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் தொடுகிறது; ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது வடகிழக்குப் பருவமழையோடு. எங்கே மழைக்காலமோ அங்கே அப்போது ஃப்ளூ என்பது மோட்டாவான கணக்கு.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. குற்றாலத்தில் சாரல் கட்டுகிற ஆனி, ஆடி மாதங்களில் மதுரையில் மண்டை காய்கிறது. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, கோவையின் மலையோரம் ஆகியவற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையில் நல்ல பங்கு உண்டு. அங்கெல்லாம் ஃப்ளூவின் காலமும் ஆலப்புழையை ஒட்டி முந்திக்கொள்ள வாய்ப்புண்டு. 38 மாவட்டங்களையும் கூட்டி மாநிலத்துக்கு ஒரே கோடு வரைந்தால், இரண்டு வேறு பருவங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து, யாருக்கும் உதவாத ஒரு சராசரி கிடைக்கும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதை வட்டாரவாரியாகப் பிரித்துக் காட்ட முடியுமா என்பதை முதல் சோதனையாக வைக்கிறேன்.

உறுதியான எண்ணிக்கை என்னும் மயக்கம்

ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் ஃப்ளூ என்று வந்தால் அது ஃப்ளூதான். இந்த வழியின் பெரிய பலம் அது. எந்த வகை வைரஸ் என்பதையும் சொல்லிவிடும். மதுரை மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வகம் இருப்பதால் மாதிரியைச் சென்னை கிண்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலையும் இல்லை.

குறை எங்கே என்றால், யாருக்குச் சோதனை என்பதில். 2009-இல் பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. இலேசான காய்ச்சலும் இருமலும் ஏ. அவர்களுக்குச் சோதனை வேண்டாம். கடுங்காய்ச்சல் உள்ளவர்களும், கர்ப்பிணிகள், முதியோர், நாட்பட்ட நோயுள்ளோரும் பி. மாத்திரை கொடுக்கலாம், சோதனை வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இரத்தம் கலந்த சளி என்று வருவோர் சி, இவர்களுக்குத்தான் சோதனை. சிகிச்சைக்கு இது மிகச் சரியான ஏற்பாடு. எல்லோரையும் சோதித்திருந்தால் ஆய்வகங்கள் திணறிப்போயிருக்கும். ஆனால் சிகிச்சைக்காக வடிகட்டியதை அப்படியே எடுத்துப் பரவலின் அளவாகப் படிக்கும்போது கணக்கு கோணிவிடுகிறது.

எவ்வளவு கோணும் என்பதை அரசின் எண்களே காட்டுகின்றன. 2015-இல் நாடு முழுவதும் பன்றிக் காய்ச்சல் 42,592 பேருக்கு, இறந்தவர்கள் 2,990 பேர். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஏழு பேர் இறந்ததாக வரும். 2019-இல் 28,798 பேருக்கு 1,218 மரணம், நூற்றுக்கு நான்கு. பருவகால ஃப்ளூவில் இறப்பு உண்மையில் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. நான்கு ஆண்டுகளில் வைரஸ் சாதுவாகிவிட்டதா, இல்லை சற்று இலேசான நோயாளிகளையும் சோதித்தார்களா? இந்த எண்களை எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் விடை கிடைக்காது. எத்தனை மாதிரிகளில் இத்தனை என்ற அடிக்கணக்கு பக்கத்தில் இல்லாத எண் அப்படித்தான் இருக்கும்.

மதுரைக்கு இதில் கூடுதலாக ஒரு வில்லங்கம். இராசாசி மருத்துவமனை மதுரைக்காரர்களுக்கு மட்டுமான மருத்துவமனை அல்ல. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களில் முற்றிய நோயாளிகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். சோதனை நடந்த ஊரை வைத்து எண்ணினால் மதுரை எப்போதும் சிவப்பாகவும் பரமக்குடி எப்போதும் பச்சையாகவும் தெரியும். நோயாளி படுக்கும் வீடு எந்த வட்டாரம் என்பதைச் சீட்டில் எழுதி, அதன்படி எண்ணினால்தான் இது தீரும். எழுதுகிறார்கள், ஆனால் செய்தியாகும்போது மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயர்தான் முந்துகிறது.

செவிலியர் வரை நீளும் வலை

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நாட்டில் 2004-இல் தொடங்கியது. துணை சுகாதார நிலையத்துக் கிராமச் செவிலியர் அறிகுறிகளை வைத்து எழுதுவது எஸ் படிவம், மருத்துவர் தன் கணிப்பை எழுதுவது பி படிவம், ஆய்வகம் எழுதுவது எல் படிவம். வாரம் ஒரு முறை மேலே போகும். 2021-இல் இது முழுக்க மின்னணுத் தளத்துக்கு மாறி, அன்றன்றே பதிவேற்றும் வசதி வந்தது. சேடப்பட்டியும் கொட்டாம்பட்டியும் கணக்குக்குள் வருகிற ஒரே வழி இதுதான். விரிவில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை.

விரிவு இருக்கிற அளவுக்கு நுட்பம் இல்லை என்பதுதான் மனக்குறை. காய்ச்சல் என்று எழுதினால் அதில் டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்துகொள்கின்றன. தென்மாவட்டங்களில் இவை மூன்றும் தலைதூக்குவது, ஃப்ளூ தலைதூக்கும் அதே மழை, பனிக் காலத்தில். இருமலோடு கூடிய காய்ச்சல் என்று பிரித்து எழுதினால் பாதி தெளிவு வரும். அதையும் எல்லாப் படிவங்களிலும் ஒரே ஒழுங்கில் எதிர்பார்க்க முடியாது. தடுப்பூசி, தாய்சேய் நலம், வீட்டு விசிட் என்று ஏற்கெனவே சுமை ஏறிக் கிடக்கிற செவிலியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தனியார் கிளினிக்குகள் இந்த வலையில் அரைகுறையாகத்தான் சிக்குகின்றன. மதுரை அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ மாலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற கூட்டம் எந்தப் படிவத்தில் இருக்கிறது?

முயற்சி கூடினால் எண்ணும் கூடிவிடும் என்பது இன்னொரு கோளாறு. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ நாடெங்கும் பேச்சானபோது, தமிழ்நாட்டில் மார்ச் 10 அன்று ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். மக்களுக்கு நல்ல சேவை. ஆனால் அந்த வாரத்துக் காய்ச்சல் எண்ணை முந்தைய வாரத்தோடு ஒப்பிடவே கூடாது. முகாம் போட்ட இடத்தில் காய்ச்சல் கூடத்தான் செய்யும். அந்த மார்ச் மாதம் இன்னொன்றையும் காட்டியது: பன்றிக் காய்ச்சல் என்ற ஒற்றைப் பெயரிலேயே எண்ணிக்கொண்டிருந்தால், எச்3என்2 அலையும் பி வகை அலையும் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

சுற்றுவழிகள்

இணையத்தில் மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை வைத்து ஃப்ளூவைக் கணிக்கும் சேவையைக் கூகுள் 2008-இல் கொண்டுவந்தது. 2009-இல் புதிய வைரஸின் முதல் அலையைத் தவறவிட்டது, 2012-13 பருவத்தில் அமெரிக்க அரசுக் கணக்கைப்போல ஏறக்குறைய இரு மடங்கைச் சொன்னது, 2015-இல் மூடப்பட்டது. பயந்தவர்கள் தேடுகிறார்கள், நோயுற்றவர்கள் மட்டுமல்ல. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மருந்துக்கடைக் கணக்கு அதைவிடக் கவனத்துக்குரியது. பாராசிட்டமால் விற்பனையால் பயனில்லை. உடம்பு வலிக்கும் அதுதான், டெங்குவுக்கும் அதுதான். ஓசல்டாமிவிர் அப்படியல்ல, ஃப்ளூவுக்கென்றே உள்ள மாத்திரை. 2017-இல் அதை மருந்து விற்பனை விதிகளின் எச்1 அட்டவணைக்கு மாற்றினார்கள். அந்த அட்டவணையில் உள்ள மருந்தை விற்றால் நோயாளியின் பெயர், எழுதிக்கொடுத்த மருத்துவரின் பெயர் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆக ஒரு கணக்கு கடைதோறும் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மொத்த வியாபாரிகளிடம் வாரக் கணக்கு வாங்குவது இன்னும் எளிது. ஆனாலும் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, தலைமை இடம் தர மாட்டேன். ஒரு மரணச் செய்தி முதல் பக்கத்தில் வந்தால், அந்த வாரம் நோய் ஏறாமலே மாத்திரை விற்பனை ஏறும்.

பள்ளி வருகைப் பதிவு கேட்கும்போது கவர்ச்சியாக இருக்கும். ஆசிரியர்கள் காலையில் செயலியில் பதிகிறார்கள், ஃப்ளூவைத் தெருத்தெருவாகக் கொண்டுபோவதும் பள்ளிப் பிள்ளைகள்தான். ஆனால் நம் ஃப்ளூ பருவத்தின் நாட்காட்டியைப் பாருங்கள்: காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி, மாவட்ட ஆட்சியர் விடுகிற மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, முடிந்தவுடன் விடுப்பு, பிறகு பொங்கல். எண்ண வேண்டிய வாரங்களில்தான் பள்ளியே ஓட்டை ஓட்டையாக நடக்கிறது. தேர்வு நாளில் காய்ச்சலோடும் பிள்ளையை அனுப்பிவைக்கிறார்கள் என்பது தனி.

சாக்கடை நீரில் வைரஸ் தேடுவது கோவிட் காலத்தில் பெயர் வாங்கிய முறை. ஃப்ளூ வைரஸும் கழிவுநீரில் தென்படுகிறது, கொரோனா அளவுக்குத் தாராளமாக அல்ல. மதுரையில் அவனியாபுரம் வெள்ளைக்கல், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரி எடுக்கலாம். ஆனால் 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக மாநகராட்சி விரிந்தபோது சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை பின்தங்கியே வந்திருக்கிறது. மாவட்டத்துக் கிராமங்களுக்கு அது அறவே இல்லை. நமக்கு ஃப்ளூ வருவது மழையோடு என்பதால், தேடவேண்டிய நேரத்தில் மழைநீர் கலந்து மாதிரி நீர்த்துப்போகும். 2024-இல் அமெரிக்காவில் சாக்கடை நீரில் கண்ட பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதர்களிடமிருந்து வந்ததா, கறவை மாடுகளின் பால் கழிவிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாமல் குழம்பினார்கள். நோயாளிக்கு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதையும் சாக்கடை சொல்லாது.

சில இடங்கள், மாறாத முறை

இனி நான் சாயும் வழி. பிரிட்டனில் 1960-களிலிருந்தும் பிரான்சில் 1984-இலிருந்தும், ஒப்புக்கொண்ட சில குடும்ப மருத்துவர்கள் தம்மிடம் வருவோரில் ஃப்ளூ போன்ற நோயோடு வருவோர் எத்தனை என்று வாரந்தோறும் எழுதி அனுப்புகிறார்கள். நாட்டிலுள்ள எல்லா மருத்துவர்களும் அல்ல. இதைக் காவல் மையம் என்று வைத்துக்கொள்வோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை எளிமையானது: கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கிய நோய், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் அளந்த காய்ச்சல், கூடவே இருமல். மூன்றும் இருந்தால் ஃப்ளூ போன்ற நோய். இதனோடு மருத்துவமனையில் சேரவும் நேர்ந்தால் தீவிர மூச்சுத் தொற்று. தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று எழுதினால் செல்லாது, தெர்மாமீட்டர் வேண்டும். மையத்தில் வாரம் முழுக்க வந்த புறநோயாளிகள் எத்தனை, அவர்களில் இந்த வரையறைக்குள் வந்தவர்கள் எத்தனை என்று இரண்டு எண்கள். பிறகு, குறித்த கிழமைகளில் வரிசைப்படி முதலில் வருகிற சிலரிடம் மூக்கு, தொண்டை மாதிரி. மருத்துவர் பார்த்து ‘இவருக்கு எடுக்கலாம்’ என்று பொறுக்கினால், பழைய கோணல் மறுபடி உள்ளே வந்துவிடும்.

இந்த இரண்டு விகிதங்களையும் பெருக்கினால்தான் உண்மை வெளிப்படும். ஒரு வாரம் 100 புறநோயாளிகளில் 10 பேர் ஃப்ளூ போன்ற நோயோடு வந்து, மாதிரிகளில் 40 விழுக்காடு ஃப்ளூ என்றால் பெருக்குத்தொகை 4. இரண்டு வாரம் கழித்து 20 பேர் வந்து, மாதிரிகளில் 10 விழுக்காடுதான் ஃப்ளூ என்றால் 2. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் இரட்டித்திருக்கிறது, ஃப்ளூ பாதியாகியிருக்கிறது. வேறு ஏதோ வைரஸ் ஊருக்குள் வந்திருக்கிறது. மேலூர் மருத்துவர் அந்த வாரம் ஓசல்டாமிவிரை எழுதத் தயங்குவார். மேலே சொன்ன வழிகளில் எதுவும் இதைத் தனியாகச் சொல்லிவிட முடியாது.

எத்தனை மாதிரி போதும் என்பதில் கஞ்சத்தனமும் கூடாது, ஆடம்பரமும் கூடாது. 10 மாதிரிகளில் 2 ஃப்ளூ என்றால், உண்மை விகிதம் 3 முதல் 56 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதை வெளியிடுவதைவிடச் சும்மா இருக்கலாம். 40-இல் 8 என்றால் 9 முதல் 36 வரை. 100-இல் 20 என்றால் 13 முதல் 29 வரை. நாற்பதிலிருந்து நூறுக்குப் போக இரண்டரை மடங்கு செலவு. தெளிவு அந்த அளவுக்குக் கூடவில்லை. ஒரு வட்டாரத்துக்கு வாரம் நாற்பதுக்குக் குறையாமல், பருவம் உச்சத்தில் இருக்கும்போது சற்றுக் கூடுதலாக என்பது என் கணக்கு.

மதுரை வட்டாரத்துக்கு ஐந்து மையங்கள் போதும்: இராசாசி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு, உசிலம்பட்டி அரசு மருத்துவமனை, மேலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், நகருக்குள் இரண்டு தனியார் கிளினிக்குகள், அவற்றில் ஒன்று குழந்தை மருத்துவருடையது. மாதிரியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து மூன்று நாட்களுக்குள் மதுரை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சேர்த்தால் போதும் என்பதால், உசிலம்பட்டிக்கு நாள்தோறும் வண்டி விட வேண்டியதில்லை. இவற்றோடு இராசாசி மருத்துவமனையில் தீவிர மூச்சுத் தொற்றோடு சேருவோரின் கணக்கையும் தனியே எடுக்க வேண்டும். நோய் எவ்வளவு முற்றுகிறது என்பதைப் புறநோயாளிகள் சொல்ல மாட்டார்கள். அங்கே வீட்டு முகவரிப்படி எண்ணுவது கட்டாயம். மாநிலத்துக்கு இப்படி 38 வலைகள் தேவையில்லை. மழை பெய்யும் விதத்தை வைத்துப் பிரித்தால் ஏழெட்டு வட்டாரங்களில் அடங்கிவிடும்.

முதல் ஆண்டில் ஒரு பொறுமை வேண்டும். வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது என்று கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். அணைக்குள் எத்தனை குடம் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே அளவுகோலை நெடுநாள் படித்ததால் வந்த தெளிவு அது. ஃப்ளூவுக்கும் அப்படி எல்லைகள் குறிக்க, நோயில்லாத மாதங்களின் அளவும் பழைய உச்சங்களின் அளவும் கையில் இருக்க வேண்டும். கோவிட் காலத்தின் 2020, 2021 ஆண்டுகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஃப்ளூ ஏறக்குறைய மறைந்தே போயிருந்த காலம் அது. பி வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை, தடுப்பூசியிலிருந்தே அதை நீக்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே எண்ணத் தொடங்க அக்டோபருக்குக் காத்திருக்காமல், மதுரை வறண்டு கிடக்கும் ஜூன் மாதத்திலேயே தொடங்குவது நல்லது. செப்டம்பருக்குள் தடுப்பூசியைப் போட்டுவிடச் சொல்லும் துணிவு அப்போதுதான் வரும்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு: தனியார் மருத்துவர் இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? மாலையில் அறுபது பேரைப் பார்க்கிறவரிடம் படிவத்தை நீட்டினால் வாங்கி மேசையில் வைத்துவிடுவார். சுற்றறிக்கை அனுப்பிக் காரியமாகாது. தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே அறிவிக்கவேண்டிய நோய்களுக்கு விதி வகுத்தது. விதி இருந்தும் அறிவிப்பு எவ்வளவு வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அவரிடமிருந்து இரண்டு எண்ணும் சில மாதிரிகளும் மட்டும் கேட்டு, எடுப்பதற்கு வாரம் இரு நாள் ஓர் ஆளையும் அனுப்பி, அவர் நோயாளியின் முடிவை இரண்டு நாளில் அவர் கைபேசிக்கே இலவசமாகச் சேர்த்துவிட வேண்டும். வெளியே ஆயிரக்கணக்கில் செலவாகும் சோதனை தன் நோயாளிக்குச் சும்மா கிடைக்கிறது என்றால் பலர் முன்வருவார்கள். முடிவு பத்து நாள் கழித்து வந்தால், மூன்றாவது வாரத்திலேயே படிவம் நின்றுவிடும்.

கடைசியாக, வெளியிடும் தாளைப் பற்றி. வாரத்துக்கு ஒரு பக்கம், வட்டாரவாரியாக இரு விகிதம், மருத்துவமனையில் சேர்ந்தோர் கணக்கு, எந்த வகை வைரஸ், எத்தனை மையங்களிலிருந்து கணக்கு வந்தது. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தீபாவளி வாரத்தில் தனியார் கிளினிக்குகள் இரண்டும் மூடிக்கிடக்கும், உசிலம்பட்டி மாதிரியும் வந்து சேராது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். பூஜ்யம் எழுதினால், அடுத்த வாரம் கிளினிக் திறந்ததும் மதுரையில் ஃப்ளூ திடீரென்று பாய்ந்துவிட்டதாகக் கோடு காட்டும்.